பால்மரக் காட்டுக்குள் ஓடிய கணக்கர்கள்

1938 டிசம்பர். கோலாலம்பூரில் ஆபீஸ் முடிந்த ஒரு சாயங்கால நேரம். இருபது பேர்கூடத் தேறாத ஒரு வெள்ளைக்காரக் கூட்டம் அரைக்கால் சட்டையும் கான்வாஸ் ஷூவுமாக ஊரைத் தாண்டிப் போய் ஓட ஆரம்பித்தது. முன்னாடி ஒருவர் கிழித்த காகிதத்தை வழியெல்லாம் போட்டுக்கொண்டே போயிருந்தார். மற்றவர்கள் அந்தக் காகிதத் துண்டுகளைத் தேடித் தேடிப் பின்னால் ஓடினார்கள். ஓடி முடித்ததும் பீர். அவ்வளவுதான் நிகழ்ச்சி நிரல்!

இன்று உலகம் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிளைகளோடு இருக்கும் 'ஹாஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ்' என்ற ஓட்டச் சங்கம் இப்படித்தான் ஆரம்பித்தது. நகரத்துப் புழுக்கத்திலிருந்து தப்பித்துக் காட்டுக்குள் ஓடுவது என்று இதைப் பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் அவர்கள் ஓடிய காடு எப்படிப்பட்ட காடு என்பதை யாரும் நின்று பார்ப்பதில்லை. அதைப் பார்த்தால் கதை கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறது.

முதலில் ஆரம்பித்தவரைப் பற்றி. ஆல்பர்ட் ஸ்டீஃபன் இக்னேஷியஸ் கிஸ்பர்ட். நண்பர்களுக்கு வெறும் 'ஜி'. ஸ்பானியப் பூர்வீகம் கொண்ட குடும்பம், பிறந்தது இங்கிலாந்தில், 1903ல். தொழில்? சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்! (வணிகவியல் படிப்பவர்கள் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம்.) பெரிய விளையாட்டு வீரர் எல்லாம் இல்லை. உடம்பு கொஞ்சம் பூசினாற்போல இருக்கும், வேகமாக ஓடுவதை விடச் சுற்றிலும் உள்ள காட்சிகளும் ஓட்டம் முடிந்து வரும் பீரும்தான் அவருக்குப் பெரிது என்று கூட ஓடியவர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். மலாக்காவில் 'ஸ்பிரிங்கிட் ஹாரியர்ஸ்' என்ற ஒரு குழுவோடு முன்பு ஓடியிருந்தார். கோலாலம்பூரிலும் அதுபோல ஒன்று வேண்டும் என்று நினைத்தார். செசில் லீ, 'ஹார்ஸ்' தாம்சன், 'டார்ச்' பென்னட் என்று சிலர் சேர்ந்தார்கள்.

இவர்கள் பெரும்பாலும் செலாங்கூர் கிளப்பைச் சுற்றி வாழ்ந்த பிரம்மச்சாரிகள். 1884ல் தொடங்கிய அந்த கிளப், இன்றைய மெர்டேக்கா சதுக்கத்துப் புல்வெளியின் ஓரத்தில் இருக்கிறது. அதன் இணைப்புக் கட்டடத்தில் தினமும் ஒரே மாதிரி சாப்பாடு. மிச்சம் மீதி இறைச்சியையும் உருளைக்கிழங்கையும் கொத்தி வதக்குவதற்கு ஆங்கிலத்தில் 'ஹாஷ்' என்று பெயர். சலித்துப்போனவர்கள் அந்தக் கட்டடத்துக்கே 'ஹாஷ் ஹவுஸ்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். ஹாரியர் என்பது முயல் வேட்டை நாய். ஆக, மெஸ் சாப்பாட்டின் மீதிருந்த கடுப்பில் பிறந்த பெயர் இது. எல்லா ஊர் ஹாஸ்டல்காரர்களுக்கும் புரியும் :-)

இந்த விளையாட்டு அவர்கள் கண்டுபிடித்ததல்ல. ஷ்ரூஸ்பரி, ரக்பி போன்ற இங்கிலாந்துப் பள்ளிகளில் 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே பையன்கள் இப்படி ஓடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் முயல். காகிதம் தூவிக்கொண்டே ஓடுவார்கள். மற்றவர்கள் வேட்டை நாய்கள். 1857ல் வந்த 'டாம் பிரவுனின் பள்ளி நாட்கள்' நாவலில் இந்த ஓட்டம் வருவதால் நாடு முழுக்கப் பிரபலமாயிற்று. அது பெரியவர்களின் விளையாட்டானது லண்டனில். தேம்ஸ் நதியில் படகோட்டிக்கொண்டிருந்தவர்கள் குளிர்காலத்தில் உடம்பு துருப்பிடிக்காமல் இருக்க 1868ல் 'தேம்ஸ் ஹேர் அண்ட் ஹவுண்ட்ஸ்' என்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். விம்பிள்டன் புல்வெளி, ரோஹாம்டன் பக்கம் ஓட்டம். சனிக்கிழமை அரைநாள் விடுமுறையும் புறநகர் ரயிலும் வந்துவிட்ட காலம் அது. வாரம் பூரா பேரேட்டைக் குனிந்து பார்த்த குமாஸ்தா சனிக்கிழமை மத்தியானம் ரயிலேறி ஒரு மணி நேரத்தில் சேற்றில் நிற்கலாம்.

1876ல் எப்பிங் காட்டில் இங்கிலாந்தின் முதல் சாம்பியன்ஷிப் நடத்தினார்கள். காகிதத் தடம் சரியில்லாமல் ஓடிய 32 பேரும் வழி தவறிப்போய், போட்டியே செல்லாது என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு தடத்தைக் கொடி நட்டுத் தெளிவாக்கினார்கள், நேரம் குறித்தார்கள், பதக்கம் கொடுத்தார்கள். காகித வேட்டை மெல்ல மெல்ல 'கிராஸ் கன்ட்ரி' பந்தயமாகிவிட்டது.

கோலாலம்பூர்க்காரர்கள் செய்தது இதற்கு நேர் எதிர். வழி தவறுவதையே விளையாட்டாக்கினார்கள். தடம் திடீரென்று ஓரிடத்தில் நின்றுவிடும். அங்கிருந்து பொய்த் தடங்கள் நாலா பக்கமும் பிரியும். வேகமாக ஓடுகிறவன் தப்பான வழியில் அரை மைல் போய்விட்டுத் திரும்பி வருவான். அதற்குள் மூச்சு வாங்கிக்கொண்டு வரும் குண்டு ஆசாமி வந்து சேர்ந்துவிடுவார். சரியான தடத்தைக் கண்டுபிடித்தவர் 'ஆன் ஆன்!' என்று கத்த, எல்லோரும் மறுபடி ஒன்றாக ஓடுவார்கள். முதலாவது வருவதற்குப் பரிசு கிடையாது. வேகமானவனையும் மெதுவானவனையும் சேர்ந்தே வீடு வந்து சேர வைக்கிற ஒரு ஏற்பாடு! பகலெல்லாம் லாப நஷ்டம் பார்க்கிறவர்கள் சாயங்காலத்துக்கு லாபமும் நஷ்டமும் இல்லாத ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுத்தது ஆச்சரியமில்லைதான். (கணக்கர்கள் இருக்கும் இடத்தில் கிழித்துப் போடக் காகிதத்துக்கும் பஞ்சமிருக்காது!)

இனி அந்தக் காட்டுக்கு வருவோம்.

1938ல் கோலாலம்பூரை விட்டு எந்தப் பக்கம் வெளியேறினாலும் இரண்டு விஷயங்கள்தான் கண்ணில் படும். ஒன்று, ஈயம் தோண்டிவிட்டுப் போட்ட குழியும் குட்டையும். இன்னொன்று, ரப்பர். நடுநடுவே மலாய்க் கிராமங்கள், புதர்க் காடுகள். ரப்பர் மரம் மலாயா மண்ணின் மரமே அல்ல. பிரேசிலில் எடுத்த விதை லண்டன் கியூ தோட்டம் வழியாக 1870களில் ஆசியாவுக்கு வந்தது. சீரான இடைவெளியில், கோடு போட்டு நட்ட மரங்கள். அந்த வரிசையைத் தோட்டத்துத் தமிழர்கள் 'நிரை' என்பார்கள். இவருக்கு இந்த நிரை, அவருக்கு அந்த நிரை என்று பிரித்துக் கொடுத்திருக்கும்.

விடிவதற்கு முன்பே பெரட்டு, அதாவது ஆள் எண்ணிக்கை. இருட்டிலேயே தோட்டத்துக்குள் போக வேண்டும். ஏன் இருட்டில் என்றால், காலைக் குளிர்ச்சியில்தான் மரத்துக்குள் அழுத்தம் அதிகம் இருந்து பால் நன்றாக வடியும். வெயில் ஏறினால் வரத்து குறைந்துவிடும். பட்டையைச் சாய்வாக, மெல்லிசாகச் சீவ வேண்டும். ஆழமாகப் போனால் மரம் காயப்பட்டுவிடும், தண்டலின் ஏச்சு விழும். ஒரு ஆளுக்கு 300, 400 மரம். வெட்டிக்கொண்டே போய், பிறகு திரும்பி வந்து மங்கில் வடிந்திருக்கும் பாலை வாளியில் ஊற்றிச் சுமந்து போய் ஆலையில் அளந்து கொடுக்க வேண்டும். மத்தியானத்துக்குள் இதெல்லாம் முடிந்துவிடும். மரங்களுக்கு மறுநாள் விடியும்வரை ஓய்வு.

அதனால்தான் சாயங்காலம் ரப்பர் தோட்டம் காலியாக இருந்தது. நிழல், அமைதி, சருகு, ஆள் அரவமில்லாத நேர்நேரான பாதைகள்... ஓடுவதற்கு இதை விட நல்ல இடம் கிடைக்குமா? ஆனால் அது இயற்கையின் அமைதி அல்ல, ஷிப்ட் முடிந்த தொழிற்சாலையின் அமைதி. கோலாலம்பூர் கணக்கர்களுக்கு அன்று வேலை கொடுத்ததில் பெரும்பங்கு ரப்பர், ஈயக் கம்பெனிகளுடையது. இந்த மரங்களெல்லாம் பகலில் அவர்கள் பார்த்த பேரேடுகளில் ஏக்கராகவும் பவுண்டாகவும் இருந்தவைதான். ஆபீஸிலிருந்து தப்பித்து ஓடியவர்கள் அதே ஆபீஸின் இன்னொரு அறைக்குள்தான் ஓடினார்கள்!

அதே 1938ல் அந்த லயங்களில் என்ன நடந்துகொண்டிருந்தது?

1929க்குப் பின் வந்த பெருமந்தத்தில் ரப்பர் விலை பாதாளத்துக்குப் போனபோது ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். 1934ல் ரப்பர் நாடுகள் சேர்ந்து ஏற்றுமதிக்கு அளவு வைத்து விலையைத் தூக்கிப் பிடித்தன. 1936-37ல் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி இந்திய அரசு சார்பில் மலாயாவுக்கு வந்து தொழிலாளர் நிலையைப் பார்த்துப் போனார். ஓரளவு கூலி ஏறியது. ஆணுக்கு ஒரு நாளைக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அடுத்த சரிவு வந்ததும் 1938ல் அதையும் 45, 35 என்று குறைத்தார்கள். உடனே இந்திய அரசு, உதவிப் பயணத்தில் மலாயாவுக்குக் கூலியாட்கள் போவதை 1938 ஜூனில் தடை செய்தது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறும் அந்த நீண்ட வரிசை அதோடு நின்றது. ஆறு மாதம் கழித்து டிசம்பரில்தான் நம்ம கணக்கர் கூட்டம் ஓட ஆரம்பித்தது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு ஒன்றுமில்லை. ஒரே வருஷம், ஒரே மரங்கள், அவ்வளவுதான்.

1941ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் வெடித்தது. கோலாலம்பூரிலிருந்து மேற்கே கடற்கரை நோக்கிப் போனால் கிள்ளான், தூரம் ஒன்றும் அதிகமில்லை. ஆர்.ஹெச். நாதன் என்பவர் முன்னணியில் நின்றார். அவர்களின் கோரிக்கைப் பட்டியலைப் படித்தால் கூலி உயர்வு, சீனத் தொழிலாளருக்கு இணையான சம்பளம், பிள்ளைகளுக்குப் படிப்பு, கள்ளுக்கடைகளை மூடுவது, பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்துவது என்று வரிசையாக வருகிறது. நடுவில் இரண்டு கோரிக்கைகள் மட்டும் கண்ணை உறுத்துகின்றன. ஒன்று, துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்காமல் போக அனுமதி வேண்டும். இன்னொன்று, உறவினரும் நண்பர்களும் தோட்டத்துக்குள் வந்து போக அனுமதி வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். சொந்த மச்சான் லயத்துக்கு வந்து பார்க்கத் தடை. காகிதத்தைத் துரத்திக்கொண்டு முன்பின் தெரியாத வெள்ளைக்காரர்கள் நிரைகளுக்கு நடுவே கத்திக்கொண்டே ஓடலாம். தோட்டத் துரைகளும் அதே கிளப்புகளில் குடிப்பவர்கள்தானே, யார் கேட்கப்போகிறார்கள்? கிஸ்பர்ட்டோ லீயோ கெட்டவர்கள் என்று சொல்ல இதில் ஒன்றுமில்லை. அவர்கள் யாரையும் சைக்கிளிலிருந்து இறக்கியதாக எங்கும் பதிவில்லை. அவர்களுக்கு அது காடாகத் தெரிந்ததே, அந்த சுகம்தான் இங்கே கவனிக்க வேண்டியது. ஒரு இடத்தை வெறும் இயற்கையாகப் பார்க்க வேண்டுமென்றால் அங்கே நமக்கு வேலை இருக்கக்கூடாது. பால்வெட்டுக்குப் போகிறவர் அந்த மரத்தடியில் பாம்பைத் தேடுவார், கொசுவைத் தேடுவார், தண்டலைத் தேடுவார். காகிதத்தைத் தேட மாட்டார்.

வேலைநிறுத்தத்தை அடக்க அரசு பட்டாளத்தை இறக்கியது. துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். நாதனைப் பிடித்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். அந்த வருஷம் முடிவதற்குள் ஜப்பான்காரன் வந்துவிட்டான்.

ஓட்டச் சங்கமும் கலைந்தது. கிஸ்பர்ட் ஆர்கைல் அண்ட் சதர்லண்ட் ஹைலாண்டர்ஸ் படையில் சேர்ந்து சண்டையிட்டார். 1942 பிப்ரவரி 11 அன்று சிங்கப்பூரில் புக்கித் தீமா பக்கம் நடந்த போரில் கொல்லப்பட்டார். வயது 38. நாலு நாளில் சிங்கப்பூர் விழுந்தது. தன் விளையாட்டு உலகம் முழுக்கப் போகும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. அவர் ஓடியது மூன்றே வருஷம்.

லயங்களிலிருந்தும் ஆட்கள் போனார்கள். சயாம் மரண ரயில் பாதைக்கு. 415 கிலோமீட்டர். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களை வேலை, கூலி, அரிசி என்று ஆசை காட்டியும் வலுக்கட்டாயமாகவும் ரயிலேற்றினார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் செத்தவர்களுக்குச் சரியான கணக்கு இன்றுவரை கிடையாது. போர்க் கைதிகளாக அதே பாதையில் செத்த வெள்ளைக்காரர்களுக்கு வரிசையாகக் கல்லறைகள் இருக்கின்றன, பெயரோடு.

கணக்கு என்றதும் இன்னொரு விஷயம். போருக்குப் பிறகு சங்கத்தைத் திரும்ப எழுப்பியவர் டார்ச் பென்னட். போரில் தொலைந்துபோன சங்கத்துச் சொத்துக்களுக்கு அரசிடம் நஷ்டஈடு கேட்டு அவர் மனுப்போட்டதாகச் சங்கத்து வரலாற்றில் சொல்வார்கள். சொத்து என்ன? பீர் குவளைகள், ஒரு தகரத் தொட்டி, சில பழைய பைகள். சிரிப்பு வரத்தான் செய்கிறது. சயாமிலிருந்து திரும்பாதவர்களின் குடும்பங்கள் நஷ்டஈடு கேட்டு அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் நடந்தன என்பது நினைவுக்கு வரும்வரை.

1946ல் ஓட்டம் மறுபடி ஆரம்பித்தது. 1948ல் கம்யூனிஸ்ட் கொரில்லாக்களுக்கு எதிரான அவசரகாலம் வந்து, ஊரடங்கு, சோதனைச்சாவடி என்று பன்னிரண்டு வருஷம் இழுத்தது. அந்தக் காலத்திலும் விடாமல் ஓடினார்கள்! செராஸ் பக்கம் ஒரு ஓட்டத்தில் புதருக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஆயுதக் குழுவின் மீதே போய் இடறினார்கள் என்பது சங்கத்தில் இன்றும் சொல்லப்படும் கதை. நிஜமான காட்டின் ஓரம்வரை அப்போது விளையாட்டு போயிருந்தது. அதே வருஷங்களில்தான் கிராமப்புறச் சீனர்கள் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேரை முள்வேலி போட்ட 'புதுக்கிராமங்களில்' அடைத்தார்கள். தோட்டத்து லயங்களையும் ஓரிடமாகச் சேர்த்து வேலி போட்டார்கள்.

சங்கங்களைப் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டத்தால் 1950ல் தங்கள் நோக்கங்களை எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. உடல்நலம் பேணுதல், வார இறுதிக் குடிமயக்கத்தைத் தெளிவித்தல், நல்ல தாகத்தை வரவழைத்து அதை பீரால் தணித்தல், வயதான உறுப்பினர்களுக்கு வயதாகவில்லை என்று நம்ப வைத்தல். அரசாங்கப் பதிவேட்டில் இப்படி ஒரு நோக்கக் குறிப்பு வேறு எங்காவது இருக்குமா தெரியவில்லை :-)

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. மலாயாவில் வேலை பார்த்தவர்கள் மாற்றலாகிப் போன ஊர்களிலெல்லாம் தொடங்கினார்கள். 1962ல் சிங்கப்பூர். 1978ல் ஹாங்காங்கில் உலகக் கிளைகளின் முதல் கூடல். காகிதம் போய் மாவு வந்தது; மழையில் கரைந்துவிடும், குப்பை இல்லை. (2007ல் அமெரிக்காவின் நியூ ஹேவனில் ஒரு கடை வாசலில் தூவிய மாவை விஷப்பொடி என்று பயந்து போலீஸ் வந்ததும் நடந்தது.)

கோலாலம்பூரில் அவர்கள் ஓடிய தோட்டங்களோ ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. 1950களின் ஆரம்பத்தில் தலைநகர நெரிசலைக் குறைக்க எஃபிங்காம் என்ற 1,200 ஏக்கர் ரப்பர் தோட்டத்தில் பெட்டாலிங் ஜெயாவைக் கட்டினார்கள். பணக்காரர் பேட்டையான பங்சாரும் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம்தான். மற்ற இடங்களில் பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றார்கள், செம்பனை நட்டார்கள். விற்ற இடத்தில் லயத்து ஆட்களுக்கு வேலையும் போயிற்று, வேலையோடு வீடும் போயிற்று. 1960ல் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் மாதம் பத்து வெள்ளி தவணையில் பங்கு சேர்த்துத் தோட்டங்களை வாங்க ஆரம்பித்தார். முதலில் வாங்கியது கெடாவில் புக்கித் சீடிம் தோட்டம். பால் வெட்டினவரே பங்குதாரர்! அது கைகொடுத்தது கொஞ்சம் பேருக்குத்தான். மீதிப்பேர் கிடைத்த சாமான்களைக் கட்டிக்கொண்டு நகரத்து ஓரப் புறம்போக்குக் குடிசைகளுக்கு வந்து சேர்ந்தார்கள்.

ஹாஷ் ஹவுஸ் கட்டடத்தையும் 1960களில் சாலை போடுவதற்காக இடித்துவிட்டார்கள். 'தாய் ஹாஷ்' என்று அழைக்கப்படும் கோலாலம்பூர்ச் சங்கம் மட்டும் திங்கட்கிழமை சாயங்காலத்தை விடவில்லை. மலேசியர்களும் அதில் சேர்ந்து வெகுகாலமாகிறது. ஓடுகிற இடத்துக்குப் போய்ச் சேரத்தான் இப்போது கார் வேண்டும்.